பார்முலாவும் நிரல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாராந்தரக் கணினி ஐயங்கள் பகுதிக்கு நிரலாக்கம் தொடர்பான கேள்விகளை அனுப்ப வேண்டாம் என்று சென்ற வாரம் அறிவித்திருந்தீர்கள். பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான் என்ற நிரல்மொழிப் பயிற்சி வினாக்களை அப்படியே அனுப்பி விடை கேட்பவர்களைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்றால், கணினி ஆசிரியன் என்ற முறையில் அதை வரவேற்கிறேன். ஆனால், எது நிரலாக்கம் என்பதைச் சொல்லாமல் விட்டதால், நியாயமான ஐயம் உள்ள பலரும் கேட்கத் தயங்கி ஒதுங்கிவிடக்கூடும்.

சான்றிதழில் பெயர் அடங்குமா என்று பார்க்க விரும்பும் அலுவலக உதவியாளர் ஒருவர், எக்செல்லில் எழுத்துகளை எண்ணித் தரும் 'லென்' பார்முலாவைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தமிழ்' என்ற சொல்லுக்கு அது 5 என்று விடை தரும். மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து எப்படி வந்தது என்று அவர் கேட்டால், பார்முலா இருப்பதாலேயே அதை நிரலாக்கக் கேள்வி என்று தள்ளிவிடலாமா? கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்துக்கும் தனித்தனிக் குறியீட்டு எண்கள் உள்ளன. எக்செல் எண்ணுவது அவற்றைத்தான். (புள்ளி தனி எழுத்தன்று என்று நாம் வகுப்பில் சொல்வதெல்லாம் அதற்குத் தெரியாது.) பைத்தானில் எண்ணினாலும் இதே 5தான் வரும் என்பதால், இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விளக்கம் போதும்.

வெளித்தோற்றத்தை வைத்துத் தரம் பிரித்தால் வேறு வகையிலும் ஏமாறுவோம். மின்னஞ்சலில் வந்த எக்செல் கோப்பின் மேக்ரோ (கோப்புக்குள் பொதிந்த சிறு நிரல்) ஓடவில்லை என்பது நிரலில் பிழை என்பதுபோல் தோன்றும். ஆனால் இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுத்து வருவதே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். பைத்தானை நிறுவிய பிறகும் கட்டளைத் திரையில் அதன் பெயரைத் தட்டினால் மைக்ரோசாப்ட் ஸ்டோர் திறக்கிறது என்று என் மாணவர்கள் ஆண்டுதோறும் வந்து நிற்கிறார்கள். அதைச் சரிசெய்ய ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை. கட்டளைகளை எங்கே தேட வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் 'பாத்' பட்டியலில் பைத்தானைச் சேர்க்கும் கட்டத்தில் நிறுவும்போதே குறியிட்டால் பெரும்பாலும் போதும்; அதன் பிறகும் ஸ்டோர் திறந்தால், விண்டோஸ் அமைப்புகளில் ஒரு விசையை அணைக்க வேண்டும்.

ஆகவே, கேட்பவர் தம் கணினியில் தம் வேலையை முடித்துக்கொள்ளக் கேட்கிறாரா, அல்லது மென்பொருள் ஒன்றை உருவாக்கும் பணியில் கேட்கிறாரா என்பதையே அளவுகோலாகக் கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதல் வகையில் பார்முலாவோ நாலைந்து வரிக் கட்டளைக் கோப்போ இடம்பெற்றாலும் ஏற்றுக்கொள்ளலாம். நீண்ட நிரல்களைத் தவிர்ப்பதற்கு அச்சுப் பக்கமே போதிய காரணம் தருகிறது: பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு, நாளிதழின் குறுகிய பத்தியில் வரிகள் மடங்கும்போது அது குலைந்துவிடும்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளிக் கணினி ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.