துணிச்சல் யாருடையது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் பிரெஞ்சு காமப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். கதைக்குள் யார் யாரை ஆள்கிறார்கள், படுக்கையில் யார் பணிகிறார்கள் என்று அவ்வளவு அலசியவர், கேமராவுக்குப் பின்னால் இருந்த அதிகாரத்தைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

அவரே புகழ்ந்த 'லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (இயக்குநர் பெர்டோலுச்சி இத்தாலியர், இருந்தாலும் போகட்டும்). 1972இல் வந்த படம். நடித்தபோது நாயகி மரியா ஷ்னைடருக்கு 19 வயது, நாயகன் மார்லன் பிராண்டோ ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். வன்புணர்வுக் காட்சி திரைக்கதையில் இருந்ததுதான், ஆனால் அதில் வெண்ணெயைப் பயன்படுத்தும் விஷயம் படப்பிடிப்பு நாளன்று காலையில் பெர்டோலுச்சியும் பிராண்டோவும் பேசி வைத்துக்கொண்டது, அந்தப் பெண்ணிடம் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. நடிகையாக அல்ல, ஒரு பெண்ணாக அவர் எப்படி அதிர்கிறார் என்று பார்க்க விரும்பியதாகப் பின்னாளில் இயக்குநரே சொன்னார். அந்தச் செயல் நடிப்புதான், ஆனால் தன் கண்ணீர் நிஜம் என்று மரியா 2007இல் சொன்னார். அவர் 2011இல் இறந்தார். பெர்டோலுச்சியோ 2013இல், குற்ற உணர்வு உண்டு, ஆனால் அப்படிச் செய்ததற்கு வருந்தவில்லை என்றார்! கல்லூரி நாட்களில் பிலிம் சொசைட்டியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன துணிச்சல்" என்று டீக்கடையில் நின்று வியந்தவர்களில் நானும் ஒருத்தி. யாருடைய துணிச்சல் என்று அன்று எங்களில் ஒருவர் கூடக் கேட்கவில்லை.

சரி, அது பழைய காலம் என்பீர்கள். 2013இல் கான் திரைப்பட விழாவின் உச்ச விருதான தங்கப்பனையை வாங்கிய 'ப்ளூ இஸ் த வார்மஸ்ட் கலர்'? இயக்குநர் கெஷிஷோடு இரண்டு நடிகைகளுக்கும் சேர்த்தே அந்த விருதைக் கொடுத்தார்கள், அழகான விஷயம்தான். ஆனால் திரையில் சில நிமிடங்களே ஓடும் பாலுறவுக் காட்சியைப் பத்து நாள் திரும்பத் திரும்ப எடுத்ததாகவும், இனி அவரோடு வேலை செய்ய மாட்டோம் என்றும் அதே ஆண்டு நடிகைகள் பேட்டியில் சொன்னார்கள்.

பெண் இயக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 'லாஸ்ட் டாங்கோ'வில் சின்ன வேடத்தில் வந்த காத்ரின் ப்ரெய்யா, 2002இல் 'செக்ஸ் இஸ் காமெடி' என்று ஒரு படம் எடுத்தார். ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு நடிகர்களைப் படுக்கைக் காட்சிக்கு இணங்க வைக்க ஒரு பெண் இயக்குநர் படும் பாடுதான் கதை. கொஞ்சுகிறார், அதட்டுகிறார், பிடிவாதம் பிடிக்கிறார். தன் தொழிலின் அசிங்கத்தைத் தானே காட்டிய படம், கட்டுரையில் அதன் பெயர் கூட இல்லை.

நெருக்கம் என்றால் என்ன என்று காட்ட 2019இல் வந்த செலின் சியாமாவின் 'போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி ஆன் ஃபயர்' போதும். ஓவியம் தீட்டுகிறவள் மாடலைக் கவனித்துக் கவனித்து அவளுடைய சின்னச் சின்னப் பழக்கங்களையெல்லாம் பட்டியலிடுகிறாள். மாடல் அவளைத் தன் பக்கத்தில் வரச் சொல்லி, இங்கிருந்து நானும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று காட்டிவிடுகிறாள். அந்த ஒரு காட்சியில் இருக்கும் சூடு, மற்ற படங்களின் பத்து நாள் படப்பிடிப்பில் இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்த இதழில் கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதிலாவது மரியா சொன்னதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, திருச்சி