தாம்பத்தியமும் மனச்சோர்வு மாத்திரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தாம்பத்திய உறவு மூளையை வளர்க்கும், மனச்சோர்வைப் போக்கும் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நம் வீடுகளில் வாய்திறந்து பேசாத ஒன்றை எழுத முன்வந்தது பாராட்டுக்குரியது. ஆனால், புதிய மூளைச் செல்கள் உருவாகின்றன என்ற செய்தி 2010-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆண் எலிகளை வைத்துக் கண்டறிந்தது என்பதைக் கட்டுரை எங்குமே சொல்லவில்லை. எலிக்கு வீட்டுக் கடன் தவணையும் இல்லை, பக்கத்து அறையில் மாமியாரும் இல்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனை வேறு கதை சொல்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 64 தம்பதியரில் ஒரு பகுதியினரை மூன்று மாதங்களுக்கு உறவின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கச் சொன்னார்கள். அவர்களுடைய மனநிலை மேம்படவில்லை, சற்றுக் குறையவே செய்தது. உச்சநிலைக்குப் பின் இரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் உயர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிப்பதும், அப்போது நிறைவும் தளர்வும் ஏற்படுவதும் உண்மைதான். அந்த ஒரு மணி நேரத்தை மனச்சோர்வுக்கான சிகிச்சை என்று எழுதுவது பொறுப்பாகாது. உறவு முடிந்ததும் காரணமின்றி அழுகை வருகிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

அரசு மருத்துவமனையொன்றின் மனநலப் பிரிவில் ஆலோசகராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் நான் அதிகம் கண்டது இதற்கு எதிர்த்திசையில் நடப்பதைத்தான். மனச்சோர்வு வந்தால் முதலில் கெடுபவை பசி, தூக்கம், இச்சை ஆகியவையே. அதற்குத் தரப்படும் செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகளும் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுவதால், பலருக்கு இச்சையைக் குறைக்கின்றன அல்லது உச்சநிலையைத் தாமதப்படுத்துகின்றன. கணவர் சீட்டு வாங்க வெளியே போன நேரம் பார்த்து, கைப்பையிலிருந்து பிரிக்கப்படாத மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்து, “இதைப் போட ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த நெனப்பே வரல சார், அவரு என்மேல சந்தேகப்படறாரு” என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன பெண்ணுக்குத் தங்கள் கட்டுரை என்ன சொல்லும்? உறவு குறைந்ததால்தான் உனக்கு மனச்சோர்வு என்று அவர் தலையிலேயே பழியைப் போடும்.

அந்தப் பெண் மாத்திரையைத் தானாக நிறுத்தியதால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வந்தன. பழைய சோர்வும் திரும்பிவிட்டது. மருத்துவரிடம் முன்பே சொல்லியிருந்தால் அளவைக் குறைக்கவோ, புப்ரோபியான் போல இச்சையை அவ்வளவாகப் பாதிக்காத வேறொரு மருந்துக்கு மாற்றவோ வழி இருந்தது. அவரும் சொல்லவில்லை, ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டிய நெருக்கடியில் மருத்துவரும் கேட்கவில்லை.

‘விந்து விட்டான் நொந்து கெட்டான்’ என்று அஞ்சி விடுதி அறை வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டும் இளைஞர்களும், வாரத்துக்கு எத்தனை முறை என்று கணக்குப் பார்க்கும் தம்பதியரும் ஒரே பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். ஆகவே, எந்தெந்த மாத்திரைகள் தாம்பத்தியத்தைப் பாதிக்கும், அதை மருத்துவரிடம் எப்படிச் சொல்வது, எதைத் தானாக நிறுத்தக் கூடாது என்பவற்றை ஒரு மனநல மருத்துவரிடம் கேட்டு அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநல ஆலோசகர்,
தஞ்சாவூர்