சின்ன மாமாவின் சட்டைப்பை

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பு மகன்,

நேற்று நீ போனில் சொன்னதை நினைத்து இரவு முழுக்க நித்திரை இல்லை. "டொக்டரிட்ட சிகரட் விடுறதைப் பற்றி மட்டும்தான் கேட்டனான் அம்மா, மனசுக்கு எடுக்கிற மற்றக் குளிசையைப் பற்றிச் சொல்லேல்ல" என்றாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்று கதையை மாற்றிவிட்டாய். மூன்று தரம் சிகரட்டை விட்டுப் பார்த்து மூன்று தரமும் திரும்பத் தொடங்கிய பிள்ளை நீ. போனில் அப்பா பக்கத்தில் இருந்தார், எனக்கும் குரல் அடைத்தது. அதுதான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

சின்ன மாமாவைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். மீதியை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவனுக்கு அந்த வருத்தம் வந்தது. ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவு என்கிற மனவருத்தம். அப்போது அம்மம்மா வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. "அவனுக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி" என்பதுதான் வெளியில் சொன்ன கதை. கொழும்பில் அங்கொடை என்றால் அதை ஒரு ஊரின் பெயராக யாரும் நினைப்பதில்லை. ஒருவனை விசரன் என்று ஏசுவதற்குத்தான் அந்தப் பெயர். அங்கே இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரி தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறின பிறகும் சனம் மாறவில்லை. கிளினிக் நாளில் மாமாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது, தெரிந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று காலி வீதியில் ஏறாமல் இரண்டு ஒழுங்கை சுற்றிப் போய்த்தான் ஓட்டோ பிடிப்பேன்.

காலையில் தேத்தண்ணியோடு இரண்டு சிகரட்டை அவன் சட்டைப்பையில் போட்டுவிடுவது என் வேலை. மூலைக்கடையில் உதிரியாக வாங்கி வைத்திருப்பேன். இரவுக் குளிசையை விழுங்கினால் இன்னும் இரண்டு. பெட்டியாக வாங்கிய நாட்களில், அந்த நோய்ப் படம் போட்ட பக்கத்தை ஜன்னல் படியில் குப்புறக் கவிழ்த்து வைப்பான். 2015இல் அந்தப் படம் பெட்டியின் 80 வீதத்தை மூடிய பிறகு, எப்படிக் கவிழ்த்தாலும் படம்தான் தெரிந்தது. அப்புறம் தன் லேஞ்சியால் மூடி வைப்பான். அவனுக்குப் பயம் இருந்தது, மகன். பயம் இல்லாதவன் ஏன் மூட வேண்டும்? எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

ஒரு பின்னேரம் பல்கனியில் நின்று கடற்கரை ரெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திரும்பாமலே கேட்டான்: "அக்கா, நான் இதை விட்டா என்ன?"

நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். "உனக்கு ஏலாது, விடு" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். வேறு என்ன சந்தோசம் இருக்கிறது இவனுக்கு, இதையும் ஏன் பறிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவன் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை.

2016இல் நெஞ்சில் சளி கட்டி, மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேறு ஏதாவது வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவரா என்று வார்ட்டில் கேட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஒழுங்கைக்காரர் ஒருவர் படுத்திருந்தார். உன் அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். "பிரஷருக்கு மட்டும்" என்று சொன்னேன். அந்த மனவருத்தத்துக்கு அவன் எடுத்த குளோசப்பின் குளிசையைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் கொண்டுபோய், இரவு பார்வை நேரத்தில் நானே களவாகக் கொடுத்தேன். வார்ட்டில் சிகரட் இல்லை. அது நல்லதுதானே என்று நினைத்தேன்.

நாலாம் நாள் அவனால் கண் திறக்க முடியவில்லை. வாயால் எச்சில் வடிந்து தலையணை ஊறிக் கிடந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்குப் புரளவில்லை. ஐந்தாம் நாள் வலிப்பு வந்தது. ஸ்ட்ரோக்காக இருக்கலாம் என்று தலையை ஸ்கேன் எடுக்கக் கொண்டு ஓடினார்கள். அந்த ஓட்டத்தில்தான் நான் அந்த இளம் டொக்டரின் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளை என்னை ஏசவில்லை. மனநல டொக்டரைக் கூப்பிட்டது.

அவர் வந்து விளக்கினார். சிகரட் புகையில் உள்ள தார் ஈரலைத் தூண்டிவிடுமாம். அதனால் குளோசப்பின், ஒலன்சப்பின் போன்ற மருந்துகளை உடம்பு வேகமாகக் கழித்துவிடும். புகைக்கிறவருக்கு அதற்கேற்பக் கூடுதலான அளவு கொடுத்திருப்பார்கள். திடீரென்று புகை நின்றால், அதே குளிசை சில நாளிலேயே இரத்தத்தில் மிதமிஞ்சி ஏறிவிடும். நெஞ்சில் கிருமி இருந்தால் இன்னும் ஏறும். இதைச் செய்வது புகை, நிக்கொட்டின் அல்ல. அதனால் சிகரட்டுக்குப் பதிலாகத் தோலில் நிக்கொட்டின் பேட்ச் ஒட்டினாலும் இந்த ஏற்றம் நிற்காது. சொல்லியிருந்தால் முதல் நாளே அளவைக் குறைத்திருப்பார்கள். அவ்வளவுதான் விசயம். நான் சொன்ன ஒரு பொய்க்கு அவன் வலிப்பில் துடித்தான்.

அளவைக் குறைத்ததும் மெல்ல மெல்ல எழும்பினான். துண்டு வெட்டி வீட்டுக்கு வரும்போது 19 நாள் சிகரட் தொடவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவை! ஆனால் துண்டு வெட்டுகிற அன்று நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பக்கத்துக் கட்டில்காரரிடம் ஒரு நர்ஸ் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, சிகரட்டை எப்படி விடுவது, எங்கே உதவி கிடைக்கும் என்று கால்மணி நேரம் கதைத்தார். மாமாவின் கட்டிலுக்கு வந்தபோது கிளினிக் கொப்பியை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் அவனுடைய வருத்தம் என்னவென்று வார்ட் முழுக்கத் தெரியும். கெட்ட மனுசி என்று சொல்லமாட்டேன். அவரும் என்னைப் போலத்தான் நினைத்திருப்பார்: பாவம், இவனிடம் சொல்லி என்ன.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் பாவம் பார்த்து ஒன்றை நீட்டினார். நான் தடுக்கவில்லை. 2018இல் மாரடைப்பில் போனான். வயது 54.

அவன் செத்த வீட்டில் "விசர் வருத்தக்காரர் கனகாலம் இருக்கமாட்டினம்" என்று ஒருவர் சொன்னார். எனக்கு நெஞ்சு எரிந்தது. பிறகு தேடித் தேடி வாசித்தேன். கடும் மனவருத்தம் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முந்தியே சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது இருதயம், நெஞ்சு போன்ற உடம்பு வருத்தங்கள். அதற்குள் சிகரட்டுக்குப் பெரிய பங்கு. விட ஆசை அவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே இருக்கிறதாம். கேட்கத்தான் ஆள் இல்லை. மாமா கேட்டான், நான் உடுப்பு மடித்தேன்.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். "இதை விட்டா பழையபடி இருட்டுக்குள்ள போயிடுவன் அம்மா" என்றாய். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகரட் இழுத்ததும் நெஞ்சு ஆறுகிற மாதிரி இருக்கிறதே, அதில் பெரும்பங்கு முந்தின சிகரட் இறங்கியதால் வந்த பதட்டம் தணிவதுதான். நிக்கொட்டின் இரண்டு மணித்தியாலத்தில் பாதியாகக் குறைந்துவிடும், திரும்பவும் தவிப்பு. விட்ட முதல் கிழமை எரிச்சல், நித்திரையின்மை, மனம் தாழ்வது எல்லாம் உச்சத்தில் நிற்கும். மூன்று நாலு கிழமையில் பெரும்பாலும் தணியும். நீ மூன்று தரமும் பத்து நாளுக்குள் திரும்பினாய். அதை உன் பழைய வருத்தம் என்று நினைத்துப் பயந்திருக்கிறாய் போல எனக்குப் படுகிறது. எது எது என்று பிரித்துச் சொல்ல, இரண்டையும் தெரிந்த டொக்டர் வேண்டாமா?

2014இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். சிகரட்டை விட்டவர்களுக்குப் பதட்டமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன, மனவருத்தம் உள்ளவர்களுக்கும்தான். 2016இல் 16 நாடுகளில் 8,000 பேருக்கு மேல் வைத்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அவர்களில் பாதிப் பேர் உன்னைப் போல மனவருத்தத்துக்கு மருத்துவம் கண்டவர்கள். சிகரட் விட எடுக்கிற வரெனிக்ளின் என்ற மருந்து மனதைக் கெடுக்கும் என்று அதுவரை பயந்திருந்தார்கள். பேட்ச் ஒட்டினவர்களைவிட இந்த மருந்து எடுத்தவர்களுக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க அளவில் கூடுதலாக ஒன்றும் நடக்கவில்லை, விட்டவர்கள்தான் கூட. இது உனக்குச் சரியா என்று நான் சொல்ல ஏலாது. உன் குளிசைக்கும் புகைக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது, எல்லாக் குளிசையும் ஒரே மாதிரி இல்லை. அதனால்தான் மறைக்காதே என்று கெஞ்சுகிறேன்.

இங்கே இலங்கையில் சிகரட் விட உதவிக்கு 1948 என்று ஒரு இலக்கம் இருக்கிறது. மனதுக்கு உதவி வேண்டுமென்றால் 1926. இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். இப்போது யாராவது மனம் சரியில்லை என்று என்னிடம் கதைத்தால், சிகரட் குடிக்கிறீங்களா, விட விருப்பமா என்றும் கேட்கிறேன். இரண்டு பேர் கேட்டவுடன் அழுதுவிட்டார்கள்.

அக்காவின் மாமியார் வீட்டாருக்குப் போன மாதம் மாமாவின் கதையை நானே சொல்லிவிட்டேன். சம்பந்தி அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தம்பி ஒருவரைப் பற்றிச் சொன்னா.

வெள்ளிக்கிழமை டொக்டரிடம் போகும்போது உன் குளிசைப் பெட்டியையும் கொண்டு போ. வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் மேசையில் வை, அவர் பார்க்கட்டும். விடுகிற நாளைக் குறித்ததும் எனக்குச் சொல். அந்த நாலு கிழமையும் நீ அங்கே இரவில் எழும்பி நிற்கிற நேரம் இங்கே பெரும்பாலும் நான் இன்னும் படுத்திருக்கமாட்டேன். எத்தனை தரம் என்றாலும் எடு. அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை, போனை என் தலைமாட்டில் சார்ஜில் போட்டு வைத்திருக்கிறார்.

அம்மா