அந்த 14 பேரின் அறையையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியிடத்தில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த அறிமுகக் கட்டுரையைப் படித்தேன். கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் புரியும் தமிழில் நிறுவன நடத்தையியலை எழுத முன்வந்ததற்கு நன்றி. ஆனால் சிகாகோவை ஒட்டிய ஹாவ்தார்ன் ஆலைச் சோதனைகளைக் கட்டுரை ஒரே பத்தியில் முடித்துவிட்டது. விளக்கைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது; குறைத்தார்கள், அப்போதும் கூடியது; ஆகவே தம்மை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தாலே ஆட்கள் நன்றாக வேலை செய்வார்கள் என்பதுதான் அந்தப் பத்தி. எம்.பி.ஏ. மாணவர்கள் மனப்பாடம் செய்வதும் இதைத்தான். இதை நம்பி ஒரு சூப்பர்வைசர் லைனுக்குப் போனால், கைவைக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ கைவைப்பார். அதனால்தான் இந்தக் கடிதம்.

விளக்குச் சோதனை 1924 முதல் 1927 வரை, டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் அந்த ஆலையில் நடந்தது. வெளிச்சத்துக்கும் உற்பத்திக்கும் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை என்பதே அன்றைய முடிவு. மூலக் கணக்குகள் அழிந்துபோயின என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர்கள் அவற்றைத் தேடி எடுத்து அலசி, 2011-இல் வெளியிட்டார்கள். விளக்கை மாற்றியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். திங்களன்று உற்பத்தி ஏறியிருக்கிறது. விளக்கைத் தொடாத வாரங்களிலும் திங்களன்று அப்படியேதான் ஏறியிருக்கிறது. வாரத்தின் முதல் நாள் வேகம் விளக்கின் கணக்கில் சேர்ந்துவிட்டது.

அடுத்து ரிலே அறை. ரிலே என்பது டெலிபோன் இணைப்பை மாற்றிவிடும் சிறு மின் சுவிட்ச். 1927 ஏப்ரலில் 5 பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்தார்கள்; பாகம் எடுத்துக் கொடுக்க இன்னொருவர். ஒரு ரிலேயில் சுமார் 35 சிறு பாகங்கள், பூட்டி முடிக்க ஏறக்குறைய ஒரு நிமிடம். இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் உற்பத்தி சுமார் 30 சதவீதம் உயர்ந்தது. பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் விட்டுப்போகும் இரண்டு செய்திகள் இங்கே உண்டு. 1928 ஜனவரியில், ஒத்துழைக்கவில்லை, பேச்சு அதிகம் என்று சொல்லி இரண்டு பெண்களை வெளியே அனுப்பி வேறு இருவரைக் கொண்டுவந்தார்கள். அதோடு, வெளியே சுமார் 100 பேரின் உற்பத்தியை மொத்தமாகச் சேர்த்துக் கணக்கிட்ட ஊக்க ஊதியத்தை, இங்கே அறைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டார்கள். 100 பேரில் ஒருத்தி கூடுதலாக 10 ரிலே பூட்டினால் சம்பளத்தில் தெரியாது. 6 பேர் என்றால் அந்த வாரமே தெரியும். வேறொரு குழுவுக்கு இந்த ஊதியக் கணக்கை மட்டும் மாற்றிப் பார்த்தபோதே உற்பத்தி 12 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது.

கட்டுரை தொடாமலே விட்டது மூன்றாவது அறை. அறிமுகமாக ஒன்றை மட்டும் சொல்ல இடம் இருந்தால் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பேன். 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கருவிகளுக்குக் கம்பி இணைத்த 14 ஆண்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்தார்கள். கம்பி கட்டுபவர் 9 பேர், சால்டரிங் செய்பவர் 3 பேர், இன்ஸ்பெக்டர் 2 பேர். கம்பெனி வைத்த நாள் இலக்கு ஆளுக்கு 7,312 இணைப்புகள். அறை தனக்குத்தானே வைத்துக்கொண்ட அளவோ 2 கருவிகள், அதாவது 6,000 முதல் 6,600 இணைப்புகள் வரை. அதை எட்டியதும் கை தளரும். ஒரு நாள் கூடுதலாகச் செய்தால் அன்றே சொல்லாமல், குறையும் நாளுக்கு வைத்துக்கொள்வார்கள். மிஞ்சிப் போகிறவனுக்குப் புஜத்தில் ஒரு குத்து விழும். ரொம்பக் குறைவாகச் செய்பவனுக்கும் மரியாதை இல்லை. போட்டுக்கொடுப்பவனுக்கு அறவே இல்லை.

இதைச் சோம்பல் என்று ஒதுக்க முடியாது. அவர்களுக்குத் திறன் தேர்வும் வைத்தார்கள். மிகக் குறைவாக உற்பத்தி காட்டியவர் அறிவுத் தேர்வில் அறையிலேயே முதலிடம். அதிகம் செய்தால் இலக்கு ஏறும், கூலி ரேட் குறையும், மெதுவாகச் செய்பவர் திட்டு வாங்குவார், ஆட்குறைப்பு வரும் என்பது அவர்களுடைய கணக்கு. ஆய்வாளர்கள் இதைக் குழுவின் மனவுணர்வாகவே எழுதினார்கள். உலகப் பொருளாதாரம் சரிந்த பெருமந்தக் காலத்தில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தவர்களின் நியாயமான கணக்காகவே நான் இதைப் படிக்கிறேன். கடைசியில் வேலை இல்லாமல் அந்த அறையையே மூடினார்கள்.

பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், ஓடும் எந்தத் தையல் லைனிலும் இது நடக்கக்கூடியது. கண்டுபிடிக்க ஸ்டாப் வாட்ச் வேண்டாம். பக்கத்தில் நின்று நேரம் எடுத்தால் கை வேறு வேகத்தில்தான் ஓடும். ஒவ்வொரு துணிக்கட்டோடும் வரும் பண்டில் டிக்கெட்டை வைத்தே 12 வேலை நாட்களுக்கு மணிவாரியாக எண்ணிக்கை எழுதுங்கள். முதல் நான்கு மணி நேரம் மணிக்கு 60, பிற்பகலில் 50, 45, 40, 25 என்று இறங்கி, நாள் மொத்தம் மட்டும் தினமும் 400-ஐ ஒட்டியே நின்றால் அங்கே ஓர் எழுதாத அளவு இருக்கிறது. மணிக்கணக்கு தாறுமாறாக ஏறி இறங்கி, நாள் மொத்தமும் மாறினால் கட்டிங்கிலிருந்து துணி வருவதில் சிக்கல், அல்லது மெஷின் கோளாறு. பிற்பகல் முழுக்கச் சீராகக் குறைந்து, வெயில் நாட்களில் இன்னும் குறைந்தால் களைப்பு. அதற்குக் காற்றும் தண்ணீரும் இடைவேளையும்தான் வழி. மூன்றுக்கும் சேர்த்து ஒரே திட்டு திட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

எழுதாத அளவு என்று தெரிந்தால், கடைசியாக ரேட் எப்போது மாறியது, அதற்கு முந்தைய மாத உற்பத்தி எவ்வளவு என்று பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள். உற்பத்தி ஏறிய அடுத்த மாதமே ரேட் இறங்கியிருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. புதிய ரேட்டை எந்தத் தேதி வரை மாறாது என்ற வரியோடு எழுதி ஒட்டுங்கள். மெஷினோ செய்முறையோ மாறினால் ஒழிய அந்தத் தேதிக்குள் தொடாதீர்கள். துணிக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி எழுதுங்கள். இல்லாவிட்டால் வந்த வேலையை அந்த நேரத்துக்கும் சேர்த்து இழுத்துக்கொள்வார்கள். குழு ஊக்கத்தொகை என்றால் ஒருவர் கையை மற்றவர் பார்க்கும் அளவுக்குக் குழு சிறியதாக இருக்கட்டும்.

இன்னொன்று. வேகமாகச் செய்பவரை எல்லார் முன்னாலும் நிறுத்திக் கைதட்டி, "இவங்க 480 போடுறாங்க, உங்களுக்கு என்ன?" என்று கேட்பது பல இடங்களில் உண்டு. மறுநாள் அவரும் 400-க்கு இறங்கிவிடுவார். பக்கத்து மெஷின்காரர்களோடு வருஷம் முழுக்க உட்கார வேண்டியவர் அவர். பாராட்டியவர் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்.

அடுத்த பகுதி ஊக்க ஊதியம் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்த 14 பேரையும் அந்த இரண்டு எண்களையும், 7,312-ஐயும் 6,600-ஐயும், பக்கத்தில் பக்கத்தில் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொழிலகப் பயிற்சியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்