அந்த ஒரு செக்கன் எங்கிருந்து வந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் வாகனப் பக்கத்தில் போர்ஷே 911 கரேரா எஸ் பற்றிய கட்டுரையை வாசித்தேன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை எட்ட 2012 காருக்கு 4.5 செக்கன், 2019இல் வந்த புதிய தலைமுறைக்கு 3.5 செக்கன், ஆகவே ஒரு செக்கன் முன்னேற்றம் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு எண்களும் சரி. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாதவை.

4.5 என்பது மெனுவல் கியர் காருக்குரியது. அதே 2012 காரை பி.டி.கே. ஓட்டோ கியரோடு எடுத்தால் 4.3. அதோடு, வேகமாகப் புறப்பட உதவும் ஸ்போர்ட் குரோனோ என்ற மேலதிக வசதியும் இருந்தால் 4.1. நீங்கள் தந்த 3.5 இந்த இரண்டும் உள்ள காருக்குரியது. அப்போ, அந்த ஒரு செக்கனில் 0.4 பழைய காருக்குள்ளேயே இருந்தது! அந்த வசதி உள்ள காரில் ஸ்போர்ட் பிளஸ் பொத்தானை அழுத்திவிட்டு, இடது காலால் பிரேக்கை மிதித்தபடி அக்சிலேற்றரை அடிவரை அழுத்தி, பிரேக்கை விட்டால் போதும். கிளட்ச்சைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஓட்டுநரின் கைப்பழக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

மிச்சம் 0.6. அதிலும் 0.2 இடையிலேயே வந்துவிட்டது: 2015இல் அதே தலைமுறையைப் புதுப்பித்து, 3.8 லீற்றர் எஞ்சினை எடுத்துவிட்டு 3 லீற்றர் இரட்டை டர்போவைப் போட்டார்கள், நேரம் 3.9 ஆனது. புதிய தலைமுறையின் சொந்தக் கணக்கு 0.4தான்.

இதைச் சொல்வது அந்தக் காரைக் குறைத்துப் பேச அல்ல. 2012 பி.டி.கே. கார் 1415 கிலோ, 400 குதிரைவலு. 2019 கார் 1515 கிலோ, 450 குதிரைவலு. எடையால் வகுத்துப் பார்த்தால் வலு ஐந்து வீதம்தான் கூடியிருக்கிறது. நேரமோ கிட்டத்தட்ட பதினைந்து வீதம் குறைந்திருக்கிறது. காரணம், பழைய எஞ்சினின் உச்ச முறுக்குவிசையான (அது சுழற்றும் பலம்) 440 நியூட்டன் மீற்றர் நிமிடத்துக்கு 5600 சுற்றில்தான் வரும். புதியது 2300 சுற்றிலேயே 530 தருகிறது. எட்டு கியரும் அகன்ற பின் ரயரும் அதை வீணாக்காமல் தரையில் இறக்குகின்றன. கட்டுரை விரித்திருக்க வேண்டிய இடம் இதுதான்.

கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் 0–60 மைல் எண்களையும் எங்கள் பெடியள் இதோடு கலந்துவிடுகிறார்கள். 60 மைல் என்பது 97 கிலோமீற்றருக்கும் குறைவு. அமெரிக்க இதழ்கள் பல, கார் முதல் ஓரடி நகர்ந்த பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குகின்றன.

இனிமேல் இப்படியான அட்டவணை போடும்போது கியர் வகை, மேலதிக வசதி, அளந்த முறை மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே குறிப்பிடுங்கள். முடிந்தால் 100இலிருந்து 200 வரையான நேரத்தையும் தாருங்கள். புறப்படும்போது ரயர் எப்படிப் பிடிக்கிறது என்பதை விட்டுவிட்டு, ஓடும்போது கார் எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்பதை ஒப்பிட அது உதவும்.

வாசகன்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.