முட்டத்து அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

மூளைக் காய்ச்சலில் கிடந்த அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்ல இப்போது தெம்பில்லை. நன்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒரு அக்காவுக்கு. முட்டம் பக்கம் என்பது மட்டும் தெரியும். முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்கணும், கையெழுத்துப் போடுங்க என்று ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில் சொன்னபோது எங்கள் வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. கால் விளங்காமல் போய்விடும் என்று சித்தப்பா ஒரே பிடியாக நின்றார். டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார்: தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தாச்சு, தண்டுவடம் மேலேயே முடிஞ்சிடும், ஊசி போறது அதுக்கும் கீழே. காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலிலிருந்து அந்த அக்கா எழுந்து வந்தார். மகனைத் திருப்பி நிறுத்திச் சட்டையைத் தூக்கினார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, பிளாஸ்டர் உரித்த தடத்துக்கு நடுவில், கொசு கடித்தது போல ஒரு புள்ளி. “பயப்படாத மக்களே. இவனுக்கும் இந்த ஊசிதான் குத்துனாவ. லேய், நடந்து காட்டு.” பையனுக்கு வெட்கம். ஆனாலும் வார்டின் அந்தக் கோடிவரை போய்விட்டு வந்தான். பேனாவைக் கேட்டு வாங்கியது சித்தப்பாதான்!

அந்த நீரில்தான் ஹெர்பிஸ் வைரஸ் அகப்பட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளை வீங்கித் தெரிந்த இடம் காதுக்கு நேர் உள்ளே. ரப்பர் ஷீட் கருகுற வாடை அடிக்குது என்று அப்பா சும்மா சும்மா சொன்னதற்கும் அந்த இடம்தான் காரணமாம். மந்திரிக்கச் சொன்னவர்கள் மேல் கோபமில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அந்த வைரஸுக்கான அசைக்ளோவிர் மருந்தை ஏற்ற ஆரம்பித்த டாக்டர்கள், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைத் தவறவிடாத சிஸ்டர்கள், ராத்திரியில் ஆட்டோ எடுத்த அண்ணன், அப்பாவின் ரப்பர் மரங்களைப் பால் வெட்டிய கூட்டாளிகள், கோவிலிலும் சர்ச்சிலும் வேண்டிக்கொண்டவர்கள், எல்லாருக்கும் நன்றி. இந்த மருந்து வராத காலத்தில் பத்துக்கு ஏழு பேர் பிழைக்கவில்லையாம்.

பேர்கள் இன்னும் தடுமாறுகின்றன. என்னை அத்தை பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். சரி, கூப்பிடுகிறாரே.

காய்ச்சலோடு பேச்சோ நடத்தையோ மாறினால், வலிப்பு வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். குலசேகரம் பக்கம் யாருக்காவது முதுகில் ஊசி என்றதும் கை நடுங்கினால் எனக்குச் சொல்லுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவரும் நடந்து காட்டுவார்.