முதல் வகுப்புக்குத் தனி ஆசிரியர் தேவை

ஐயா,

ஈராசிரியர் பள்ளிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான தலையங்கம் காலத்துக்கு ஏற்றது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்கப் பள்ளியில் 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். இந்தக் கணக்கில் வகுப்புகளின் எண்ணிக்கைக்கு இடமில்லாததால், ஐந்து வகுப்புகளை இருவர் பங்கிட்டுக்கொள்ளும் பள்ளிகளில் பெரிதும் பாதிக்கப்படுவது ஒன்றாம் வகுப்புக் குழந்தைதான். குழந்தைகள் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெறத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், கற்றல் திறனுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்வது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்று நிலைகளையும் கவனிக்கும் அதே ஆசிரியரே தலைமையாசிரியராகவும் எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளப் பதிவுகளுக்குப் பொறுப்பாளராகவும் இருந்தால் அது எப்படி நிறைவேறும்?

நான் பணியாற்றிய ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒரு சிறுமி ‘அ’ எழுதும்போது கடைசிக் கோட்டில் தொடங்கிப் பின்னோக்கிச் சுழித்து முடிப்பாள். சிலேட்டைப் பார்த்தால் எழுத்து சரியாகவே இருக்கும்; பக்கத்தில் அமர்ந்து விரல் போகும் போக்கைக் கவனித்தால் மட்டுமே பிழை புலப்படும். அந்தக் கவனிப்புக்கு நேரம் வேண்டும். எனவே, மாணவர் எண்ணிக்கை எதுவாயினும் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கென ஓர் இடைநிலை ஆசிரியரைப் பள்ளிக் கல்வித் துறை தனியாக நியமிக்க வேண்டும். அதுவரை, காலையின் முதல் இரு பாடவேளைகளில் எந்தப் பதிவேற்றப் பணியும் தரக்கூடாது என்று உடனடியாக ஆணையிடலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, அரியலூர் மாவட்டம்